தண்டவாளம் போனது, சைக்கிள் வந்தது

பிரான்ஸின் நாட்டுப்புறத்தில் சைக்கிளில் சுற்றி வந்தவர்களைக் கேட்டால், அரை மணி நேரம் மிதித்தும் எதிரே ஒரு கார்கூட வரவில்லை என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். ஏறக்குறைய 6.8 கோடிப் பேர் வாழும் நாடு, ரெனோ, பெஜோ கார்கள் பிறந்த நாடு. அங்கே இப்படி ஓர் அமைதி இருப்பது பலருக்கு வியப்பாக இருக்கிறது. பழைய காலம் அந்த ஊர்களில் இன்னும் மிச்சமிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

அது சரியான கணிப்பு இல்லை. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பு அதே சாலைகளில் நல்ல சந்தடி இருந்தது. இன்றைய அமைதியில் ஒரு பாதி ஊரை விட்டுப் போனவர்களால் வந்தது. மறு பாதி, இருப்பவர்கள் முடிவெடுத்துக் காத்து வைத்தது.

அந்தச் சாலைகள் எப்படி வந்தன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1836-இல் வந்த ஒரு சட்டம் கிராமங்களை இணைக்கும் சிறு சாலைகளைப் போடவும் பராமரிக்கவும் உள்ளூர் நிர்வாகங்களைக் கடமைப்படுத்தியது. பணமாகவோ உடலுழைப்பாகவோ ஊரார் பங்கு கொடுக்க வேண்டும். சாலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சாலைப் பணியாளரை வைத்தார்கள். பள்ளத்தில் சல்லி நிரப்புவதும், ஓரத்தில் புல் வெட்டுவதும், வடிகால் தோண்டுவதும் அவர் வேலை. இப்படி ஊருக்கு ஊர், பண்ணைக்குப் பண்ணை என்று பின்னிய வலைதான் இன்று பத்து லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி நிற்கிறது. அதோடு ஒப்பிட்டால் மோட்டார்வழிகள் ஏறத்தாழ 12,000 கிலோமீட்டர்தான். வேகமாகப் போக வேண்டியவர்களை அந்தச் சிறு பங்கே இழுத்துக்கொள்ள, மிச்சமெல்லாம் காலியாகக் கிடக்கிறது. அமைதியின் கணக்கு இவ்வளவு எளிமையானது.

ஆனால் 1880-களில் அந்த வலை காலியாக இல்லை. இரும்புப் பட்டை போட்ட மாட்டு வண்டிச் சக்கரங்கள் சல்லியில் உரசும். குதிரைகள், சந்தைக்குப் போகும் ஆட்டு மந்தைகள், வாத்துக் கூட்டங்கள், ஒவ்வொரு பண்ணை வாசலிலும் நாய்கள், ஊர் நடுவே கொல்லன் பட்டறை. உயரச் சக்கர சைக்கிளில் உலகைச் சுற்றிய தாமஸ் ஸ்டீவன்ஸ் 1885-இல் தியெப் துறைமுகத்தில் இறங்கிப் பிரான்ஸைக் கடந்தார். அந்தச் சாலைகளின் தரத்தை மெச்சினார். அவருக்குப் பின் காற்றடைத்த டயருடன் வந்தவர்களுக்குப் புதிய தொல்லை ஒன்று காத்திருந்தது. குதிரை லாடத்திலிருந்தும் குடியானவர்களின் செருப்பிலிருந்தும் உதிர்ந்த ஆணிகள் சாலையெங்கும் கிடந்தன. டயரைச் சக்கரத்தோடு பசை போட்டு ஒட்டியிருந்ததால் ஒரு பஞ்சர் ஒட்ட அரை நாள் போய்விடும். மிஷெலின் சகோதரர்கள் 1891-இல் கழற்றி மாட்டும் டயரைக் கொண்டுவந்ததற்கு இந்தச் சங்கடமே காரணம். அதே ஆண்டு நடந்த 1,200 கிலோமீட்டர் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பந்தயத்தில் அந்த டயரோடு ஓட்டிய ஷார்ல் தெரோன் வென்றார்.

பந்தயத்துக்கு வெளியே, ஊர் பார்ப்பதற்காகவே சைக்கிள் ஓட்டலாம் என்று சொன்னவர்களில் முதல் மரியாதை போல் தெ விவிக்கு உரியது. வெலோசியோ என்ற புனைபெயரில்தான் அவரைப் பிரான்ஸ் அறிந்திருந்தது. 1853-இல் பிறந்தார், பட்டு வியாபாரம் செய்தார், அதை விட்டுவிட்டு சாந்த்-எத்தியென் நகரில் சைக்கிள் கடை வைத்தார். 1887-இல் ஒரு பத்திரிகையும் தொடங்கினார். மலைச் சாலையில் சாதாரண மனிதரும் மூச்சு வாங்காமல் ஏற வேண்டும், அதற்குப் பல கியர் வேண்டும் என்பது அவருடைய நீண்ட நாள் வாதம். டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை நடத்தியவர்கள் கியர் மாற்றும் கருவியை 1937 வரை போட்டியாளர்களுக்கு அனுமதிக்கவில்லை. சுற்றுலா சைக்கிள்காரர்களோ அதற்குள் பல ஆண்டுகளாக அதை வைத்துக்கொண்டு மலை ஏறிக்கொண்டிருந்தார்கள். பசி வருமுன் சாப்பிடவும், தாகம் எடுக்குமுன் குடிக்கவும், வீம்புக்காக ஒருபோதும் மிதிக்காமலிருக்கவும் அவர் அறிவுரை சொல்லியிருக்கிறார். சாந்த்-எத்தியெனுக்கு மேலே 1,161 மீட்டர் உயரத்தில் உள்ள கணவாயில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. கணவாய் ஏறி இறங்கியே வாழ்நாளைக் கழித்த அவர் 1930-இல் தன் ஊர்த் தெருவில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கையில், டிராம் மோதி இறந்தார். சைக்கிளுக்குத் தனி வழி வேண்டும் என்று பின்னால் வந்தவர்கள் கேட்டதன் நியாயம் எனக்கு அந்தச் சாவிலேயே தெரிகிறது.

அன்று சைக்கிளுக்கு வரி இருந்தது. 1893 முதல் ஆண்டுக்கு 10 பிராங்க், பிறகு குறைத்தார்கள். வரி கட்டியதற்கு அடையாளமாக வண்டியில் உலோக வில்லை மாட்டியிருக்க வேண்டும். 1958-இல்தான் அந்த வரி ஒழிந்தது. வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்காக வந்த சைக்கிள், முதல் உலகப் போருக்கு முன்பே முப்பது லட்சத்தைத் தாண்டிவிட்டது. தபால்காரரும் தாதியும் பாதிரியாரும் பள்ளி ஆசிரியரும் அதில்தான் போனார்கள். திரைப்பட இயக்குநர் ஜாக் தாதியின் முதல் முழுநீளப் படமான ‘ழூர் தெ ஃபெத்’ (1949) அந்தக் காலத்துக்கு நல்ல சாட்சி. சந்த்-செவேர் என்ற உண்மையான கிராமத்திலேயே எடுத்தது. தபால்காரர் சைக்கிளில் ஊரைச் சுற்றி வருவதே கதை. சதுக்கத்தில் ஆட்கள், காபிக்கடையில் ஆட்கள், வயலில் ஆட்கள். ஊர்த் தெரு வெறிச்சென்று கிடப்பது அரிது.

1936 தனியாகச் சொல்ல வேண்டிய ஆண்டு. லெயோன் ப்ளூமின் மக்கள் முன்னணி அரசு அந்த ஜூன் மாதம் உழைப்பாளர் அனைவருக்கும் இரண்டு வாரச் சம்பள விடுப்பைச் சட்டமாக்கியது. ஆலைத் தொழிலாளிக்குக் கூலியோடு விடுமுறை என்பது அதுவரை பெரும்பாலோர் அறியாத சங்கதி. லெயோ லக்ராஞ்ஜ் என்ற இளம் துணை அமைச்சர் ரயில் கட்டணத்தில் 40 விழுக்காடு தள்ளுபடி வாங்கித் தந்தார். அந்தக் கோடையிலேயே ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தச் சீட்டை வாங்கினார்கள். ரயிலுக்கும் காசில்லாதவர்களும், ரயில் வேண்டாத இளசுகளும் சைக்கிளை எடுத்தார்கள். கணவன் முன்னால், மனைவி பின்னால் என்று இருவர் மிதிக்கும் டேண்டம் வண்டியில், கூடாரத்தை மூட்டை கட்டிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடலைப் பார்க்கப் போனவர்கள் ஏராளம். அந்தக் கோடையின் புகைப்படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. சைக்கிள் பயணம் ஏழைக்கும் உரியது என்பதை அந்தச் சட்டம் நிலைநாட்டியது.

அதன் பின் கார் வந்தது. 1950-களிலிருந்து ஆண்டுக்கு ஆண்டு பெருகியது. நகரங்களை இணைக்கும் சாலைகளில் சைக்கிள்காரருக்கு இடமில்லாமல் போயிற்று. நாட்டுப்புறச் சாலைகளில் 1973 வரை பொதுவான வேக வரம்பே கிடையாது என்பதை நம்பச் சிரமமாக இருக்கிறது. 1972-இல் மட்டும் 16,000-க்கும் மேற்பட்டோர் பிரான்ஸின் சாலைகளில் இறந்தார்கள். காரோட்டிகள் மோதிச் சாகிறார்கள் என்பதற்காக, சாலையோர மரங்களை வெட்டச் சொல்லும் உத்தரவுகள் பறந்தன. மரத்தைக் குற்றவாளியாக்கிய அந்தப் போக்கைக் குடியரசுத் தலைவர் போம்பிடூவே 1970-இல் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் கண்டித்தார். அப்படியும் எத்தனையோ நிழற்சாலைகள் போய்விட்டன. இன்று ஆண்டுச் சாவு மூவாயிரத்தைச் சற்றே தாண்டுகிறது. ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும் கார் ஒன்றரை மீட்டர் விலக வேண்டும் என்பது விதி. சிறு சாலைகளில் பெரும்பாலோர் அதை மதிக்கிறார்கள். எதிரே வண்டி வந்தால் பின்னாலேயே பொறுமையாக வருகிறார்கள்.

கார் பெருகிய அதே காலத்தில்தான் ஊர்கள் காலியாயின. இதைச் சொல்லாமல் பிரெஞ்சு நாட்டுப்புறத்தின் அமைதியைப் புகழ்வது நேர்மையாகாது. நாட்டின் நடுவிலுள்ள க்ரூஸ் மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1851-இல் அங்கே 2,87,000 பேர் இருந்தார்கள். இன்று ஏறத்தாழ 1,15,000. அந்த மாவட்டத்துக் கொத்தனார்கள் கூட்டம் கூட்டமாகப் பாரிஸுக்குப் போய் அந்த நகரத்தைக் கட்டினார்கள். நாளடைவில் பலர் திரும்பவில்லை. பிறகு 1914–18 போர் வந்து இளைஞர்களைக் கொண்டுபோனது. ழாந்தியூ என்ற சிற்றூரில் 1922-இல் எழுப்பிய நினைவுச் சின்னத்தில் ஓர் அநாதைச் சிறுவன் முஷ்டியை நீட்டி, போரையே சபிக்கும் வரியைக் காட்டி நிற்கிறான். அந்தச் சின்னத்தில் எத்தனை பெயர் என்று பார்த்தாலே அந்தச் சாலையில் ஏன் ஆளில்லை என்பது புரியும். டிராக்டர் வந்தபின் பத்துப் பேர் செய்த வேலைக்கு ஒருவர் போதும் என்றாயிற்று. 1960-இல் நாடு முழுவதும் இரண்டு லட்சம் காபிக்கடைகள் இருந்தன. இப்போது நாற்பதாயிரத்துக்கும் கீழே. அடைத்த சன்னல்களும் மங்கிய கடைப் பெயர்களுமாக ஒரு முழுத் தெரு நிற்பதைச் சைக்கிளில் போகிறவர்தான் மெதுவாகப் பார்க்கிறார்.

ரயிலும் இதே பாதையில் போயிற்று. 1879-இல் அமைச்சர் ஃப்ரெய்சினே தீட்டிய திட்டப்படி சின்னச் சின்ன ஊர்களுக்கெல்லாம் தண்டவாளம் போட்டார்கள். சிறு ரயில்களையும் சேர்த்து உச்சத்தில் 60,000 கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. பேருந்தும் லாரியும் வந்ததும் 1930-களிலிருந்து ஒவ்வொன்றாக மூடினார்கள். இன்று ஓடுவது 28,000 கிலோமீட்டரை ஒட்டி. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்தபின் மேடும் பாலமும் சுரங்கமும் நிலைய வீடுகளும் அநாதையாக நின்றன. முட்புதர் மூடியது. சில இடங்களில் விவசாயிகள் உழுது சேர்த்துக்கொண்டார்கள்.

அப்படிக் கிடந்த ஒரு தடத்தைச் சைக்கிளுக்குத் தரலாம் என்று பர்கண்டியின் சோன்-எ-லுவார் மாவட்டம் முடிவெடுத்தது. ஜிவ்ரி ஊரிலிருந்து க்ளுனி வரை 44 கிலோமீட்டர். 1997-இல் திறந்த அந்தப் பாதைதான் பிரான்ஸின் முதல் பசுமைவழி. மோட்டார் வண்டிகள் நுழையக் கூடாது. நடப்பவரும் சைக்கிள்காரரும் சக்கரச் சறுக்குக்காரரும் குதிரையில் வருபவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். இப்படிப்பட்ட வழிக்கு நாடு தழுவிய சட்ட வரையறையே 2004-இல்தான் வந்தது. மாவட்டம் ஏழாண்டு முந்திக்கொண்டது.

நான் அதிகம் பேச விரும்புவது இந்தப் பாதையைப் பற்றித்தான். ரயிலுக்காகப் போட்ட தடம் என்பதால் செங்குத்தான ஏற்றமே கிடையாது. பழைய எஞ்சினுக்கு எட்டிய சரிவு முழங்கால் தேய்ந்தவருக்கும் எட்டுகிறது. ஜிவ்ரியை விட்டதும் திராட்சைத் தோட்டங்கள். ப்யுக்ஸி ஊர் மேட்டில் கோட்டைச் சுவர். அப்புறம் மேய்ச்சல் நிலம்; வெள்ளை ஷரோலே மாடுகள் வேலியோரம் வந்து நின்று பார்க்கும். பழைய கடவுக் காவலர் வீடுகள் ஒவ்வொரு சாலை குறுக்கிடும் இடத்திலும் நிற்கின்றன. கதவை இறக்கி ஏற்றியவர்களில் பலர் பெண்கள், ரயில்வே ஊழியர்களின் மனைவிமார். அந்த வீடுகளில் இப்போது குடும்பங்கள் வசிக்கின்றன, வாசலில் ரோஜா. கோர்மத்தானில் கோட்டை மாளிகை. கொஞ்சம் தள்ளி, உலகின் பல மூலைகளிலிருந்து இளைஞர்கள் வந்து தங்கிப் பிரார்த்திக்கும் தெய்ஸே. முடிவில் க்ளுனி. 910-இல் தொடங்கிய அந்த மடத்தின் பேராலயம் ஒரு காலத்தில் கிறிஸ்தவ உலகிலேயே பெரியது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் கல் கல்லாக விற்றுத் தீர்த்தார்கள். மிஞ்சிய கோபுரத்தைப் பாதையிலிருந்தே பார்க்கலாம்.

பாதை அங்கே நிற்கவில்லை. க்ளுனிக்குத் தெற்கே புவா-க்ளேர் குன்றைக் குடைந்த ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் நீளமான பழைய ரயில் சுரங்கத்தையும் பின்னர் சேர்த்தார்கள். கோடையிலும் உள்ளே குளிரும். மேல்சட்டை எடுத்துப் போக வேண்டும். குளிர்காலம் முழுக்க அதை மூடிவிடுகிறார்கள், காரணம் வௌவால்கள். அவை உறங்கும் மாதங்களில் மனிதர் மலையைச் சுற்றி ஏறிப் போகட்டும் என்று விட்டிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. இந்தப் பகுதியின் குன்றுகளைத்தான் 1981 முதல் பாரிஸ்–லியோன் அதிவேக ரயிலும் கடக்கிறது. வேகம் வேண்டியவர் அதில் போகிறார். வேண்டாதவர் கீழே மிதிக்கிறார்.

கால்வாய்க் கரைகளின் கதையும் கிட்டத்தட்ட இதுவே. பியேர்-பால் ரிகே 1666-இல் தொடங்கிய மிதி (Midi) கால்வாய் துலூஸிலிருந்து மத்தியதரைக் கடலோரம் வரை 240 கிலோமீட்டர் ஓடுகிறது. 1681-இல் படகு விட்டார்கள். படகை இழுத்த குதிரைகள் நடந்த கரைதான் இன்றைய சைக்கிள் தடம். சரக்குப் படகு நின்றுபோய், உல்லாசப் படகும் சைக்கிளும் மிச்சம். படகை ஏற்றி இறக்கும் மதகுகளில் காவலர் வாழ்ந்த வீடுகள் சில சிற்றுண்டிக் கடைகளாகிவிட்டன. ஆனால் அங்கே ஒரு துயரம் நடந்துகொண்டிருக்கிறது. கரையில் நிழல் தந்த 42,000 பிளேன் மரங்களை 2006 முதல் ஒரு பூஞ்சை நோய் அழித்து வருகிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் வெடிமருந்துப் பெட்டி மரத்தோடு வந்து சேர்ந்த நோய் என்று கருதப்படுகிறது. மருந்தில்லை. பாதிக்கும் மேற்பட்டவற்றை வெட்டி எரித்துவிட்டார்கள். வெவ்வேறு இனக் கன்றுகளைக் கலந்து நடுகிறார்கள். பழைய படத்தில் பார்த்த பச்சைக் கூரையை எதிர்பார்த்துப் போகிறவர்கள் பல கிலோமீட்டர் வெட்ட வெயிலில் மிதிக்க நேரும். அடுத்த தலைமுறைக்குத்தான் அந்த நிழல்.

இன்று பெரும் பெயர் லுவார் நதிக்கரைக்கு. மாளிகைகளையும் கோதுமை வயல்களையும் தொட்டுக்கொண்டு அட்லாண்டிக் வரை 900 கிலோமீட்டர், 2012-இல் முழுமையடைந்தது. ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்காரர்கள் அதன் ஏதாவது ஒரு பகுதியில் மிதிக்கிறார்கள். வழித்தடத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் விடுதிகள், வண்டிக்குப் பூட்டிய கொட்டகையும் பழுது பார்க்கும் கருவியும் வைத்திருந்தால் அவற்றுக்கு ‘அக்கேய் வெலோ’ என்ற முத்திரை கிடைக்கும். அந்தப் பலகையைப் பார்த்தால் நனைந்து வந்தவரும் தயங்காமல் கதவைத் தட்டலாம். விற்பனையாகும் சைக்கிள்களில் கால் பங்குக்கு மேல் மின்சார உதவி உள்ளவை என்றாகிவிட்டதால், எழுபது வயதுத் தம்பதிகளும் சின்னக் குழந்தைகளோடு வரும் குடும்பங்களும் சகஜமாகத் தென்படுகிறார்கள்.

ஆனாலும் பெயர் பெற்ற தடங்களை மட்டும் ஓட்டிவிட்டுத் திரும்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மிஷெலின் வரைபடத்தில் சிவப்பு பெருஞ்சாலை, மஞ்சள் அடுத்த நிலை, வெள்ளை ஊர்ச்சாலை. வெள்ளைக் கோடுகளில்தான் 1836-இன் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. தார் போட்டது, ஒரு வண்டி அகலம், நடுவில் சில இடங்களில் புல். எந்தத் திட்டமும் அதற்குப் பெயர் சூட்டவில்லை. சுற்றுலாப் பலகையும் இல்லை. கைப்பேசி வரைபடம் சில நேரம் குறுக்கு வழி என்று பெருஞ்சாலையில் கொண்டுபோய் விடும். தாள் வரைபடமோ சரிவுகளை அம்புக்குறியால் காட்டி, அழகான பகுதிக்குப் பச்சைக் கோடும் இட்டு வைத்திருக்கிறது.

அன்று ஒவ்வொரு ஊரிலும் கிடைத்தது இன்று திட்டமிட்டால்தான் கிடைக்கும். ரொட்டிக்கடை இல்லாத ஊரில் காசு போட்டால் ரொட்டி தரும் இயந்திரம் நிற்கிறது. மதியம் கடை மூடுவார்கள். பல ஊர்களில் திங்கட்கிழமை முழுநாள் விடுமுறை. தண்ணீர் தீர்ந்தால் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிக்கு ஊற்றுவதற்காக அங்கே குழாய் இருக்கும். குடிக்கக் கூடாது என்ற பலகை இல்லையென்றால் புட்டியை நிரப்பலாம். இரவுக்கு ஊராட்சியே நடத்தும் கூடாரத் திடல், கட்டணம் குறைவு. அந்தக் காலத்தில் ரயிலின் சரக்குப் பெட்டியில் சைக்கிளை ஏற்றிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்து போனார்கள். இப்போது அதிவேக ரயிலில் இடம் சில; முன்பதிவு வேண்டும். புதிதாக வரும் ரயில்களில் சைக்கிளுக்கு இடம் விட வேண்டும் என்று 2019-இல் சட்டம் போட்டிருக்கிறார்கள். பாதையை இவ்வளவு அக்கறையாக அமைத்துவிட்டு அங்கே போய்ச் சேரும் ரயிலில் கஞ்சத்தனம் காட்டுவது தவறு. விரைவில் திருத்த வேண்டிய தவறு.

பாரிஸில் உறவினர் உள்ள தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. லா ஷப்பல் கடைத்தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில் வில்லெத் நீர்த்துறை இருக்கிறது. நெப்போலியன் 1802-இல் உத்தரவிட்டு வெட்டிய ‘ஊர்க்’ (Ourcq) கால்வாயின் கரை அங்கே தொடங்குகிறது. நம்மவர் பலர் வாழும் போபிஞ்ஞி, போந்தி வழியாகப் போய், செவ்ரான் காட்டைத் தாண்டி, க்ளே-சுய்யி வரை ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் சைக்கிள் பாதை உண்டு. மேடில்லை, லாரியில்லை, பிள்ளைகளோடு போகலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். அது பிடித்துவிட்டால் அடுத்த விடுமுறையில் க்ளுனிக்கோ க்ரூஸுக்கோ கிளம்புங்கள். அங்கே ஊர் ரொட்டிக்கடையோ காபிக்கடையோ திறந்திருந்தால் அங்கேயே இறங்கிச் சாப்பிடுங்கள். அந்தக் கடைகள் இருந்தால்தான் அந்தச் சாலைகளில் மனிதர்கள் இருப்பார்கள்.